அஸ்டாவின் இடுப்பும் வோல்க்மாரின் ரயிலும்

"ஒரு வாய்தான். சாப்பிடும்மா. உனக்குப் பிடிச்ச ஈரல் சாசேஜ்," என்று வோல்க்மார் சமையலறைத் தரையில் மண்டியிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அஸ்டா மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலையில் எதையும் தொடக்கூடாது என்று அவர் மனைவி ரோஸ்விதா முந்தின நாளே அதனிடம் சொல்லியிருந்தாள். ஷெப்பர்ட் நாய்க்கு ஒழுக்கம் ரத்தத்திலேயே ஊறியது. வோல்க்மாருக்குத்தான் அது அவ்வளவாக ஊறவில்லை. சாசேஜின் மேல் வெண்ணெயைத் தடவி மறுபடி நீட்டினார். அஸ்டாவின் ஒழுக்கம் இரண்டே வாயில் காலியானது.

அன்று அஸ்டாவின் இடுப்புக்கு எக்ஸ்ரே. இந்த ஜாதி நாய்களுக்கு இடுப்பு மூட்டு சில சமயம் சரியாகப் பொருந்தாமல் தொளதொளவென்று இருக்கும். அதனால் ஒரு வயது முடிந்ததும் மயக்க மருந்து கொடுத்துப் படம் எடுத்து, நாய் வளர்ப்போர் சங்கத்து நிபுணருக்கு அனுப்ப வேண்டும். அவர் ஏ முதல் ஈ வரை ஒரு தரம் போடுவார். ஏ என்றால் தாராளமாகக் குட்டி போடலாம். டி, ஈ என்றால் ஆயுசுக்கும் கன்னிதான். மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருந்தாக வேண்டும்.

அஸ்டாவுக்குக் குட்டிகள் பிறக்க வேண்டும் என்பது ரோஸ்விதாவின் நெடுநாள் ஆசை. அவற்றை எங்கே வளர்ப்பது என்பதிலும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கீழறைதான். தோட்டத்தோடு சமமாக இருக்கிறது, தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, குளிர் தெரியாது.

அந்தக் கீழறையில்தான், ஒரு பெரிய மேஜை முழுக்க, வோல்க்மாரின் பொம்மை ரயில் இருந்தது. ரயில் என்றால் சும்மா வட்டமாக ஓடுகிற ரயில் இல்லை. மூன்று ஸ்டேஷன், இரண்டு சுரங்கம், ஒரு மலை, கட்டைவிரல் உயர மனிதர்கள் உட்கார்ந்து பீர் குடிக்கிற தோட்டம் ஒன்று. நகராட்சிக் குடிநீர் ஆபீசில் பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுக் குழாய்ப் புகாரைக் கேட்டுவிட்டு வரும் மனிதருக்கு, சொன்னபடி கேட்கிற உலகம் இது ஒன்றுதான். அந்த உலகத்தில் எட்டுப் பத்து நாய்க்குட்டிகளை ஓடவிட அவர் தயாராக இல்லை.

"வெறும் வயிறுதானே?" என்று கேட்டார் மிருக வைத்தியர் டாக்டர் ப்ரோமர்.

"கொஞ்சமா சாசேஜ் சாப்பிட்டுச்சு, டாக்டர்," என்றார் வோல்க்மார், பச்சைக் குழந்தை மாதிரி.

ரோஸ்விதா மெல்லத் திரும்பினாள். "யார் குடுத்தது?"

"அது பார்த்த பார்வை இருக்கே, எனக்கு மனசு கேக்கல."

"நான் இருபத்தஞ்சு வருஷமா பார்க்கறேன். எனக்கு என்னிக்காவது சாசேஜ் எடுத்துக் குடுத்திருக்கியா?"

"சண்டையை வீட்டுல வெச்சுக்கலாம்," என்றார் டாக்டர். "இன்னிக்கு முடியாது. அடுத்த மாசம் வாங்க."

வோல்க்மார் காரை ஓட்டிக்கொண்டே சீட்டியடித்தார். அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை வரைகூடத் தாங்கவில்லை. கிடைத்த ஒரு மாதத்தை வீணாக்குவானேன் என்று ரோஸ்விதா தச்சர் எகோனைக் கூட்டிக்கொண்டு கீழறைக்குப் போய்விட்டாள். அளவு நாடா சர்ரென்று இழுபடும் சத்தம் மாடிப்படி வரை கேட்டது. "அந்த மேஜை இருக்கே, எகோன்..." என்று அவள் ஆரம்பித்தாள். அதற்கு மேல் கேட்க வோல்க்மாருக்குத் தெம்பில்லை. படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தள்ளிப்போட்டால் போதாது, நாயையே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

"ரோஸ்விதா, அஸ்டா பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்குது, கவனிச்சியா? பரம்பரைக் கோளாறா இருக்கும். இதை வெச்சுக் குட்டி எடுக்கறது பாவம்."

அவள் பதறினாள். ஆனால் அவர் நினைத்த திசையில் பதறவில்லை. "ஐயோ, கால்ல வலு இல்ல போல. நீச்சல் அடிச்சா சரியாகும்னு சங்கத்துல சொல்லுவாங்க. நாளையிலேருந்து ஏரிக்குக் கூட்டிட்டுப் போ."

"நானா?"

"நீதானே கண்டுபிடிச்சே. அது தனியாத் தண்ணியில இறங்காது, நீயும் கூட இறங்கணும்."

ஏப்ரல் மாதத்து ஏரி, பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. தினமும் ஆபீசுக்குப் போகுமுன் வோல்க்மார் பல் கிட்டிக்க நீந்தினார். அஸ்டா அவரைச் சுற்றிச் சுற்றி ஆனந்தமாக நீந்தியது. மாதக் கடைசியில் வோல்க்மாருக்கு மூக்கு ஒழுகியது, முதுகு பிடித்துக்கொண்டது. அஸ்டாவுக்கோ தொடை இரண்டும் திரண்டு, மைதானத்தில் அது ஓடுவதைப் பார்க்கக் கூட்டம் நின்றது.

சங்கத்தில் எந்த நாய் குட்டி போடலாம் என்று மேற்பார்வை பார்க்கிற ஷ்டெம்லர் அம்மாள் லேசில் யாரையும் பாராட்ட மாட்டார். அவரே வாயைத் திறந்தார். "இந்த மாதிரிப் பின்னங்காலை நான் பார்த்ததில்ல. கண்ணை மூடிட்டுச் சொல்றேன், ஏ-தான் வரும். என்ன வோல்க்மார், வாய்ல ஈ போறது தெரியாம நிக்கறீங்க?"

அன்று சாயங்காலத்துக்குள் பாதி ஊர் குட்டி கேட்டுவிட்டது. முதலில் கேட்டவர் வோல்க்மாரின் மேலதிகாரி. "கண்ணு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து பார்த்துடறேன், வோல்க்மார். ஞாயித்துக்கிழமை தோறும் வரேன்," என்றார். வேறு யாருக்குமே ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்காத வோல்க்மார் தலையாட்டிவிட்டு வந்தார்.

எக்ஸ்ரே நாளன்று அஸ்டாவின் வயிறு காலி. ரோஸ்விதா பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக் காவல் காத்திருந்தாள். ஆனால் டாக்டரின் உதவியாளருக்கு ஜுரம்.

"யாராவது ஈயக் கவசம் மாட்டிக்கிட்டுக் காலைப் பிடிக்கணுமே," என்றார் டாக்டர்.

மயங்கி நாக்கைத் தொங்கவிட்ட அஸ்டாவைப் பார்த்ததுமே ரோஸ்விதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வோல்க்மார் பிடிப்பான்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

"மல்லாக்கப் படுக்கட்டும். ரெண்டு காலையும் நேரா, சமமா இழுத்துப் பிடிங்க," என்றார் டாக்டர். "ஒரு பக்கம் சாய்ஞ்சாக்கூட நல்ல மூட்டு கெட்டது மாதிரித் தெரியும். ஜாக்கிரதை."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதனுக்கு வழிகாட்ட முடியாது. அஸ்டாவின் கால்கள் அவர் கையில் கதகதவென்று கனத்தன. ஏரியில் தன்னைச் சுற்றிச் சுற்றி வந்த கால்கள். வோல்க்மாருக்கு உள்ளே சுருக்கென்றது. இருந்தாலும் மூன்று ஸ்டேஷன் ஆயிற்றே. இடது பக்கத்தை லேசாகத் தூக்கிக்கொடுத்தார்.

டாக்டர் படத்தைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "கொஞ்சம் சாய்வா இருக்கோ?"

"நேராத்தான் இருக்கு, டாக்டர். தினமும் தண்டவாளம் போடறவன் நான், என் கண்ணு தப்பாது."

வெளியே இரண்டு பூனைகளும் ஒரு கிளியும் ஏககாலத்தில் கத்திக்கொண்டிருந்தன. டாக்டர் படத்தை அனுப்பிவிட்டார்.

மூன்றாம் வாரம் டாக்டர் போன் செய்தார். டி.

ரோஸ்விதா சத்தம் போட்டு அழவில்லை. துடைத்த கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவளை அப்படிப் பார்க்க வோல்க்மாருக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. கடைத்தெருவுக்குப் போய் நல்ல செர்ரி கேக்காக வாங்கி வந்தார். கேக்கை வெட்டும்போது பெருந்தன்மை பொங்கிக்கொண்டு வந்தது.

"குட்டி போனாப் போகட்டும், ரோஸ்விதா. நமக்கு அஸ்டா நல்லா இருக்கணும். அதுக்கு என்ன தேவையோ செய். என்கிட்டக் கேக்கவே வேண்டாம்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அவள் எழுந்து வந்து அவர் நெற்றியில் முத்தமிட்டாள். "நீ இவ்வளவு நல்லவன்னு எனக்குத் தெரியாமப் போச்சு, வோல்க்மார்."

அன்று கீழறையில் எக்ஸ்பிரஸ் ரயில் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

அடுத்த சனிக்கிழமை அவர் சரக்கு ரயிலைச் சுரங்கத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தபோது, தோட்டத்துக் கதவைத் திறந்துகொண்டு எகோன் வந்தார். கையில் ரம்பம் இருந்தது.

"உங்களுக்குச் சேதி வரலையா?" என்றார் வோல்க்மார் குதூகலமாக. "குட்டியெல்லாம் கிடையாது. அஸ்டாவுக்கு இடுப்பு சரியில்ல."

"அதுக்குத்தானே வந்தேன். இனிமே ஆயுசுக்கும் படி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். படியே இல்லாத இடம் இந்த ரூம்தான். நாய் இங்கதான் இருக்கப் போகுது. தனியா விட மனசு வரலைன்னு உங்க வீட்டம்மாவும் கட்டிலை இங்க போடச் சொல்லிட்டாங்க. நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாங்க."

வோல்க்மார் ஜன்னல் வழியே பார்த்தார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அஸ்டா வாசற்படியில் மூன்று மூன்று படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு ஒன்றுமே இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எப்படித் தெரியும் என்று ரோஸ்விதா கேட்பாள். அவர் சரக்கு ரயிலை நிறுத்தினார்.

எகோன் மலையின் அடிவாரத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

"எப்படியும் இந்த மேஜை போகத்தான் இருந்துச்சு," என்று வோல்க்மார் தன்னையே தேற்றிக்கொண்டார். "குட்டி பிறந்திருந்தாலும் நீங்க இதை அறுத்துத்தானே இருப்பீங்க."

"யார் சொன்னது?" என்றபடி எகோன் ரம்பத்தை மேஜை மேல் வைத்தார். "குட்டிங்களுக்கு எட்டு வாரந்தானே, மேஜைக்கு அடியில ஒரு அடைப்பு போதும், 'என் வீட்டுக்காரர் ரயில்ல ஒரு கல்லுகூட நகரக் கூடாது'ன்னு அளவெடுத்த அன்னிக்கே உங்க வீட்டம்மா என்கிட்ட சத்தியமே வாங்கிட்டாங்க."