இருபது சதவீத மிச்சம்

கும்மிடிப்பூண்டி செண்பகவல்லி மகாலில் கல்யாணச் சாப்பாடு மீந்துபோவதும், மீந்தது யாரையும் கேட்காமல் தீர்ந்துபோவதும் பதினெட்டு வருஷமாக நடந்துவந்தன. ஒரு பொருள், அதுவும் சாம்பார் போன்ற முக்கியமான ஒரு பொருள், கோப்பும் கையெழுத்தும் இல்லாமல் பசித்தவர் வயிற்றுக்கு நேராகப் போய்ச் சேருவது ஒரு நல்ல நிர்வாகத்துக்கு அழகில்லை. அதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் தை மாசத்தில் பூவராகவன் கவனித்தார்.

மகாலின் வழக்கம் இதுதான். கடைசிப் பந்தி எழுந்ததும் சமையல்காரர் கரண்டியால் அண்டா விளிம்பில் இரண்டு தட்டு தட்டுவார். உறவுக்காரர்கள் டிபன் கேரியர், ஒயர் கூடை, பிளாஸ்டிக் கவர் சகிதம் முன்வாசல் பக்கமிருந்து வருவார்கள். பாத்திரம் தேய்க்கும் பெண்கள் தூக்குச் சட்டியோடு பின்கட்டிலிருந்து வருவார்கள். அண்டாவைத் தேய்க்கிறவளுக்கு அண்டாவின் அடி. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் என்பதால் எல்லோரும் அதை மதித்து நடந்தார்கள்.

அஞ்சம்மாள் அந்தப் பின்கட்டில் பதினெட்டு வருஷமாக அண்டா தேய்க்கிறவள். அந்தத் தையில் அவளுக்கு ஒரு கூடுதல் கவலை. மகள் பூவம்மாள் மூன்று மாசம் முழுகாமல் தாய்வீட்டில் வந்து படுத்திருந்தாள். எது சாப்பிட்டாலும் வாந்தி. வயிற்றில் தங்கியது ஒன்றே ஒன்று, மகாலின் சாம்பார் சோறு. அஞ்சம்மாளும் அதே பருப்பு, அதே புளி, அதே முருங்கைக்காய் போட்டு வீட்டில் வைத்துப் பார்த்தாள். "இது ஊட்டு சாம்பாரு" என்று மகள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளினாள். ஐந்நூறு பேருக்கு வைத்தால்தான் அந்த ருசி வருமாக்கும். ஒருத்திக்காக ஐந்நூறு பேருக்குச் சமைக்க அஞ்சம்மாள் எங்கே போவாள்?

பூவராகவன் விழா உணவு ஒழுங்குப் பிரிவின் உதவி ஆய்வாளர். அந்தப் பிரிவு எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது அதில் வேலை செய்தவர்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு குழு போட்டிருந்தார்கள். 'இந்த ஆண்டுக்குள் புதுமைத் திட்டம் ஒன்றை முன்மொழியாத அலுவலர்கள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்க வேண்டும்' என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்து, மனிதர் தூக்கம் கெட்டிருந்த சமயம். அப்படிப்பட்ட மனநிலையில்தான் அவர் செண்பகவல்லி மகாலில் ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டார். மேனேஜர் துளசிராமன் அவருடைய வண்டியில் வடையும் ஜாங்கிரியுமாக இரண்டு பார்சல் மாட்டினார். கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது, தூக்கோடு கிளம்பிய அஞ்சம்மாள் எதிரே வந்தாள்.

"இன்னாம்மா அது கையில?"

"சாம்பார் சோறு சார். மிச்சம்."

"மிச்சம்னு யார் சொன்னது?"

அஞ்சம்மாள் திரும்பி அண்டாவைப் பார்த்தாள். "எல்லாரும் துண்ணுட்டு போய்ட்டாங்களே சார்."

"போய்ட்டாங்கன்னு யாராவது எய்தி குடுத்தாங்களா? நாளைக்கே ஒரு விருந்தாளி திரும்பி வந்து, இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துன்னா?"

"நாளிக்கி ஊசிப்பூடுமே சார்."

"ஊசிப்போறது வேற பிரிவு. அத நான் பேச முடியாது."

"உங்க வண்டியில மாட்னாங்களே சார், அது மட்டும்?"

"அது முன்வாசல்ல போவுது. முன்வாசல்ல போனா மரியாத. பின்வாசல்ல போனாதாம்மா மிச்சம்."

அப்படிச் சொன்ன கணத்தில் பூவராகவனுக்குத் தன் திட்டம் தோன்றிவிட்டது. 'விழா மீதுணவு முறைப்படுத்தல் மற்றும் பகிர்ந்தளித்தல் திட்டம்' என்று தலைப்பிட்டு நாற்பத்திரண்டு பக்கம் எழுதினார். எளாவூர்ப் பக்கத்து ரோட்டுப் பள்ளத்துக்கு நாலு வருஷமாகக் கிடைக்காத ஒப்புதல், இதற்குப் பதினோரு நாளில் கிடைத்தது. அதன்படி மீந்த உணவை யாரும் தொடக் கூடாது. பூட்டிய கூடத்தில் வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முக்கியப் பிரமுகர் கையால், புகைப்படக்காரர் முன்னிலையில், டோக்கன் பெற்ற பயனாளிகளுக்கு வழங்க வேண்டும். பயனாளி என்பவர் மகாலுக்கு வெளியே நிற்பவராக இருக்க வேண்டும்.

துளசிராமன் இதை அஞ்சம்மாளுக்கு விளக்கினார். கெட்ட மனுஷன் இல்லை. உத்தரவைப் படித்தால் உடனே நம்பிவிடுகிற மனுஷன், அவ்வளவுதான்.

"உள்ள வேல செய்றவங்க பயனாளி ஆவ முடியாது அஞ்சம்மா. வெளிய நிக்கணும்."

"அப்ப நான் வெளிய போய் நிக்கிறேன்."

"அண்டாவ யாரு தேய்க்கிறது?"

"சரி, தேய்ச்சிட்டே போய் நிக்கிறேன்."

"தேய்க்கணும்னா அண்டா காலியாவணும். காலியாயிட்டா அப்பறம் மிச்சம் ஏது?"

அஞ்சம்மாள் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் எங்கேயும் ஓட்டை இல்லை. இருந்த ஓட்டையெல்லாம் அவள் வீட்டுக் கூரையில்தான் இருந்தது. அன்றைக்குக் காலித் தூக்கோடு வீட்டுக்குப் போனாள்.

திட்டத்தை அதிகாரிகள் கொண்டுவந்தார்கள். தலையில் வைத்து ஆடியது ஊர். மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன், ஐஸ்கிரீம் ஸ்டால் என்ற வரிசையில் மீதுணவு வழங்கலும் ஒரு சடங்காகச் சேர்ந்தது. பத்திரிகையில் முகூர்த்த நேரத்துக்குக் கீழே அதற்கும் நேரம் போட்டார்கள். வேப்பம்பட்டில் புதுசாக ஃபிளாட் வாங்கிய ஒருவர் தன் மகள் கல்யாணத்தில் எட்டு அண்டா மிச்சம் என்று ஃபிளெக்ஸ் வைத்தார். மறுவாரமே அவருடைய சம்பந்தி வீட்டில் ஒன்பது அண்டா வைத்தார்கள். "கல்யாணம் எப்படி?" என்று கேட்டால், "மேளம் சுமாரு, மிச்சம் பிரமாதம்" என்று பதில் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சித்திரையில் ஒரு கல்யாணத்தில் பேரிடி விழுந்தது. வந்தவர்கள் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டார்கள். பிரமுகர் வந்து நின்றார், கொடுக்க ஒன்றும் இல்லை. புகைப்படக்காரர் காலி அண்டாவைப் படம் எடுத்துவிட்டுப் போனார். பூவராகவன் அவமானத்தில் குன்றிப்போய் உடனே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒவ்வொரு விழாவிலும் குறைந்தது இருபது சதவீத மிச்சம் கட்டாயம். குறைந்தால் மண்டபத்தின் லைசென்ஸ் ரத்து. துளசிராமன் பயந்துபோய்ப் பந்தியில் விசிலோடு ஒரு ஆளை நிறுத்தினார். யாராவது இரண்டாவது முறை சோறு கேட்டால் விசில் அடித்தது. அப்பளத்துக்கு இரண்டு விசில்.

அஞ்சம்மாளின் தூக்கும் திசை மாறியது. முன்பு காலியாக மகாலுக்குப் போய் நிறைந்து வீடு திரும்பியது. இப்போது வீட்டிலிருந்து அவளுடைய மத்தியானச் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு போய்க் காலியாகத் திரும்பியது.

ஆனி மாசம் ஆதிநாராயணன் தன் மகள் நந்தினிக்கு அங்கே கல்யாணம் வைத்தார். எளாவூர்ப் பக்கம் நெல் போடுகிற சம்சாரி. மாப்பிள்ளைக்குக் கரண்டு உற்பத்தி செய்கிற இடத்தில் வேலை. எண்ணூறு பேருக்குச் சமையல். தாலி கட்டி முடிந்து முதல் பந்திக்கு இலை போட்டார்கள். ஒரு ஆள் உட்காரவில்லை.

ஆதிநாராயணன் வாசலுக்கு ஓடினார். விருந்தாளிகள் அத்தனை பேரும் பட்டும் ஜரிகையுமாக வெளியே நின்று டோக்கன் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா நைனா இது? இல போட்டாச்சி, வாங்க."

அவருடைய பங்காளி சொன்னார்: "பந்தியில குந்துனா ரெண்டாவது வாட்டி சோறு கேட்டா விசில் ஊதுறானாம். மூணு மணிக்கு போட்டோகாரன் நிப்பான், கரண்டி நெறைய ஊத்துவாங்க. நாங்க அதுக்கே வரோம். நீ பேஜார் ஆவாத."

வழங்கலை மேற்பார்வை பார்க்க வந்திருந்த பூவராகவனிடம் போய் ஆதிநாராயணன் முறையிட்டார். பூவராகவன் வாசலுக்கு வந்து முறைப்படி விசாரித்தார்.

"நீங்கள்லாம் வெளிய நிக்கிறீங்களா?"

"நிக்கிறோம் சார்."

"அப்ப தகுதி இருக்குது."

எண்ணூறு இலைச் சாப்பாடும் அப்படியே இருந்தது. பூவராகவன் கூடத்துக்குப் போய் ஒவ்வொரு அண்டாவாகத் திறந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நூறு சதவீத மிச்சம்! எந்த மாவட்டத்திலும் எட்டாத இலக்கு. உடனே திருவள்ளூருக்குப் போன் போட்டார். பெரிய அதிகாரி ராஜமாணிக்கம் தாமே நேரில் வருவதாகச் சொன்னார்.

அஞ்சம்மாள் பன்னிரண்டு மணிக்கே கூடத்து வாசலில் வந்து நின்றாள். அன்றைய சாம்பார் வாசனை பதினெட்டு வருஷத்தில் அவள் கண்டிராத வாசனை. மகள் இப்போது எட்டு மாசம். கை கால் வீங்கி, கன்னம் ஒட்டி, வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கிடந்தாள்.

"ஒரே ஒரு தூக்கு சார். புள்ளத்தாச்சி. ஆறு மாசமா இந்த சாம்பாருதான் கேக்குது."

பூவராகவன் கோபப்படவில்லை. பொறுமையாகவே பேசினார். "இப்ப நூறு சதவீதம் இருக்குது. ஒரு தூக்கு எடுத்தா இன்னா ஆவும்? தொண்ணூத்தொம்பது சொச்சம். ஒரு புள்ளத்தாச்சிக்காக ஒரு மாவட்டத்தோட சாதனைய ஒடைக்கச் சொல்றியா? நல்லா இருக்குதா?"

மூன்று மணி ஆயிற்று. ராஜமாணிக்கம் வரவில்லை. நாலு மணி ஆயிற்று. ஆனி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் பூட்டிக் கிடந்த அண்டாக்களுக்குள் சாம்பார் மெதுவாக நுரைக்கத் தொடங்கியது. வாசலில் எண்ணூறு பேர் பசியில் துவண்டு, ஒருவர் டோக்கனால் ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார்கள். நாலே முக்காலுக்கு ஜீப் வந்தது. ராஜமாணிக்கம் இறங்கி ஒரு ஏப்பம் விட்டார். வேப்பம்பட்டில் ஒரு கல்யாணம், அங்கே பழைய முறைப்படி பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றார்.

கூடத்தைத் திறந்தார்கள். திறந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள்.

பூவராகவன் பதிவேட்டைப் புரட்டினார். ஊசிய உணவு மிச்சம் ஆகாது, அது கழிவு, கழிவு வேறு பிரிவு. பெரிய அதிகாரி வந்தாயிற்று, புகைப்படக்காரர் வந்தாயிற்று, கொடுக்க ஒரு கைப்பிடி நல்ல சோறு இல்லை. பின்கட்டுக்கு ஓடினார். அங்கே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அஞ்சம்மாள் கை கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தூக்கு. உள்ளே சோறும் கருவாட்டுக் குழம்பும் பாதி. அந்த வாசனை வாசல் வரை போய், எண்ணூறு தலைகளும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

"இது மகாலுக்குள்ள இருக்குதா?" என்று பூவராகவன் கேட்டார்.

"இருக்குது சார்."

"நீ துண்ணு முடிச்சிட்டியா?"

"ஆச்சி."

"மீந்திருக்குதா?"

"எம்மவளுக்கு வெச்சிருக்கேன். சாம்பார்தான் குடுக்கல, இதையாவது..."

"மீந்திருக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லும்மா."

அஞ்சம்மாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "மீந்திருக்குது" என்றாள்.

அவ்வளவுதான். தூக்கு பதிவேட்டில் ஏறி, மாலை சாத்தப்பட்டு, வாசலுக்குப் போயிற்று. முதல் டோக்கன் யாரிடம் என்று பார்த்தார்கள். ஆதிநாராயணனிடம் இருந்தது. பந்தி நேரத்திலிருந்து வாசலுக்கு வெளியே நின்று விருந்தாளிகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர் என்பதால் அவருக்கும் ஒன்று கொடுத்து, கல்யாண வீட்டுக்காரர் என்று வரிசையில் முதலில் விட்டிருந்தார்கள். ராஜமாணிக்கம் சிரித்த முகத்தோடு தூக்கை நீட்டினார். பெண்ணைப் பெற்றவர் இரண்டு கையாலும் வாங்கினார். விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வயிறு. கல்யாண மாலையும் கழுத்துமாக, முகூர்த்த நாளில், கருவாட்டுக் குழம்புச் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். மிச்சம் வைக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் "எங்களுக்கு?" என்று கத்தினார்கள்.

ராஜமாணிக்கம் அங்கேயே மைக்கைப் பிடித்து அறிவித்தார். இன்றைய அனுபவத்தின் அடிப்படையில், இனி பாத்திரம் தேய்க்க வரும் பெண்கள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவர வேண்டும். அதில் இருபது சதவீதம் மிச்சம் வைக்க வேண்டும். எண்ணூறு பேரும் கைதட்டினார்கள்.

அஞ்சம்மாள் வீட்டுக்கு வந்தபோது பூவம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

"சாம்பார் கெடச்சிதாம்மா?"

"இல்லடி. இன்னிக்கி மிச்சமே ஆவல."

"எட்நூறு பேர் கல்யாணத்துலயா?"

"ஒருத்தரும் துண்ணலியே. துண்ணாதானே மிச்சம் ஆவும்?"

மகள் தூக்கைத் திறந்து பார்த்தாள். "நம்ம ஊட்டுக் கொழம்பு?"

"அத மாவட்டமே வாங்கிக்கிச்சி" என்று சொல்லிவிட்டு அஞ்சம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அந்த மகாலை நினைத்து அழுதது அன்றைக்குத்தான்.

ஆடியில் பூவம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு என்றார்கள். அதே மாசம் பூவராகவனுக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மகாலை எடுத்தவர்கள் துளசிராமனுக்குப் போன் செய்தார்கள். சமையல் யார், எத்தனை வகை ஸ்வீட் என்றெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. துளசிராமன் போனைக் கையில் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார்.

"அஞ்சம்மா, அவங்க கல்யாணத்தன்னிக்கி உங்க ஊட்ல இன்னா கொழம்புன்னு கேக்குறாங்க. பத்திரிகையில போடணுமாம்."

அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே அஞ்சம்மாள் சொன்னாள்: "பழைய சோறு, பச்ச மொளகான்னு போடச் சொல்லு."

போட்டார்கள். முகூர்த்த நேரத்துக்குக் கீழே, தங்க எழுத்தில். அன்றைக்கு டோக்கன் வரிசை பைபாஸ் வரை நின்றது.