தொப்பியிலிருந்து உரித்த நட்சத்திரங்கள்

நானூற்றுப் பதினேழு ரூபாய் ஐம்பது காசு. மனிதகுல முன்னேற்றத்துக்காக ஒரு தகப்பன் பெற்ற மகளிடம் பட்ட கடன் அவ்வளவு. இதைவிட உன்னதமான கடன் உலகத்தில் வேறு இருந்ததாகத் தெரியவில்லை.

தகப்பன் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். கிடங்கு மேலாளரோ பெரிய சிந்தனையாளர். கூலியை உயர்த்தக் கேட்ட ஆட்களை நிற்க வைத்து, காசு மனுஷனைச் சோம்பேறியாக்கும், நட்சத்திரம்தான் ‘ஊக்கம்’ தரும் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். அன்று முதல், சேதாரமில்லாமல் ஒரு லாரி ஏற்றினால் தொப்பியில் ஒரு தங்கத்தாள் நட்சத்திரம். வருஷக் கடைசியில் எல்லாம் பணமாகும். மூட்டைக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது, முதுகுதான் நிமிரவில்லை.

இவ்வளவு உயர்ந்த திட்டம் வீட்டுக்கு வராமல் இருக்கலாமா? வீட்டில் ஒன்பது வயது மகள். வீட்டுப்பாடத்தைக் கண்டால் வயிற்றுவலி, துடைப்பத்தைக் கண்டால் தலைவலி. அப்பா தொப்பி நட்சத்திரங்களை நகத்தால் உரித்து எடுத்துச் சட்டம் போட்டார்: பாத்திரம் கழுவினால் ஒன்று, வாய்ப்பாடு ஒப்பித்தால் இரண்டு. ஒவ்வொன்றும் கிடங்கு விலைப்படியே இரண்டரை ரூபாய்.

பலன் பயங்கரமாக இருந்தது. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டையும் பிடுங்கிக்கொண்டு போனாள். கேட்க ஆளில்லாதபோது பூனைக்கு வாய்ப்பாடு ஒப்பித்தாள். அலமாரிக் கதவு வானமாக மின்னியது.

அப்புறம் பள்ளியில் கடற்கரைச் சுற்றுலா அறிவித்தார்கள். மகள் கை நீட்டினாள். வருஷக் கடைசி வரை பொறுக்கச் சொன்னார் அப்பா, மேலாளர் குரலிலேயே.

“பஸ்சு வெள்ளிக்கிழமையே கிளம்பிடும்பா.”

வியாழக்கிழமை கிடங்கில் ‘குடும்ப தினம்’. மேலாளர் மேடையேறி, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று கண்கலங்கினார். யாருக்கு என்ன வேண்டுமானாலும் தயங்காமல் கேட்கலாம் என்றார். அப்படிச் சொல்வது கேட்பதற்காக அல்ல என்பது பெரியவர்களுக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. அலமாரியிலிருந்து பிய்த்து வந்ததையெல்லாம் மேலாளர் முன்னால் கொட்டினாள்.

“இதெல்லாம் உங்க நட்சத்திரம் சார். நானூத்திப் பதினேழரை ரூபா. அப்பா எனக்குத் தரலை. நீங்க அவருக்குத் தரலையாம்.”

மூட்டைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டார். ஆனால் மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார், பணத்தை எண்ணிக் கொடுத்தார், போட்டோ எடுக்கச் சொன்னார். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. மகள் கடல் பார்த்து வந்தாள். கடனும் காசு பாக்கியில்லாமல் தீர்ந்தது.

யார் தீர்த்தது என்பது சம்பள நாளன்று தெரிந்தது.

“நானூத்திப் பதினேழரை பிடிச்சிருக்குண்ணே” என்றார் காசாளர். “உங்க பொண்ணுக்குக் குடுத்தாங்களே, அது.”

மூட்டைக்காரர் மீதியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்த ‘நன்னடத்தை’யைப் பாராட்டி, காசாளர் அவர் தொப்பியில் ஒரு நட்சத்திரம் ஒட்டி அனுப்பினார்.

மகள் வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

“புதுசாப்பா? இதுக்கு எவ்ளோ தருவாங்க?”

“இதுக்குத் தரமாட்டாங்க பாப்பா” என்றார் அப்பா. “வாங்கிக்கிட்டாங்க.”