ஸ்பீக்கர் அண்ணையும் இரண்டு பக்க றெக்கோட்டும்

சத்தத்தை ஸ்பீக்கர் அண்ணை அளவுக்கு நேசித்த மனிதர் மன்னார்க் கரை முழுவதும் தேடினாலும் கிடைக்கமாட்டார். கோயில் திருவிழா, கல்யாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். யாரோடு பேசத் தொடங்கினாலும் முதலில் தொண்டையைச் செருமி, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்பார். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தாராம். மாப்பிள்ளைக்கு எண்ணவாவது தெரிகிறதே என்று பெண்ணின் தகப்பன் சம்மதித்துவிட்டதாக ஊரில் கதை.

எங்கள் அரிப்புக் கிராமத்துச் சனம் போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, தகரக் கொட்டில்களில் குடியேறிய காலம் அது. வீட்டுத் திட்டக் கந்தோருக்கு எழுதுவினைஞனாக வந்த எனக்கு, தலைவிதி, அவருடைய பக்கத்துக் கொட்டில் கிடைத்தது. நடுவில் ஒரே ஒரு தகரம். ஊரை விட்டு ஓடும்போது மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் தூக்கிக்கொண்டு ஓட, இவர் றெக்கோட் பிளேயரைத் தறப்பாளில் சுற்றி, பீப்பாவில் போட்டுப் புதைத்துவிட்டுத்தான் ஓடினார். திரும்பி வந்ததும் கிணற்றைக்கூட இறைக்காமல் அதைத்தான் தோண்டினார். பெட்டி உயிரோடிருந்தது. வேகத்தை மாற்றும் விசை மட்டும் கறள் பிடித்து, மெதுவான வேகத்தில் இறுகிப்போயிருந்தது.

"பரவாயில்லை, ஆறுதலாப் பாடட்டுமன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து நோர்வேயிலிருந்து மகனின் பார்சல் வந்தது. பன்னிரண்டு வயதில் சித்தியோடு போனவன், இப்போது ஒரு இசைக்குழுவில் பாடுகிறானாம். உள்ளே ஒரு சின்ன இசைத்தட்டு. "அது போஸ்ட்-ஹார்ட்கோர் அப்பா, ஒரு வகை றொக் பாட்டு. ரெண்டு குழு சேர்ந்து போட்டது. ஒரு பக்கம் நாங்கள், மற்றப் பக்கம் எங்கட சிநேகிதப் பெடியள்" என்று தொலைபேசியில் விளக்கியிருந்தான். எது எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. உறையில் இருந்த எழுத்தோ உடைமுள்ளைக் கொட்டி வைத்த மாதிரி. ஆங்கிலம் படித்த நானே தோற்றுப்போனேன்.

ட்ரக்டர் பற்றறியில் கம்பியைக் கொளுவித் தட்டைச் சுற்றவிட்டார். யாரோ ஒரு கிழவர் வயிற்றுவலியில் முனகுவது போல் வந்தது. வேதக்கார ஊர்; உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலம் வேறு. ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் பசாம்தான் போகிறது என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வந்து முழந்தாளில் நின்றார்கள். தட்டைத் திருப்பினார். அந்தப் பக்கமும் அதே முனகல்.

அப்போது பார்த்து மகன் அழைத்தான். "என்னப்பா, என்ர குரல் தெரிஞ்சுதோ?"

"தெரியாமல் என்னடா? பிறந்தண்டைக்குக் கத்தின அதே குரல்!"

கைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, இதிலை எங்கட பெடியன் எந்தப் பக்கம்?"

"இப்பத்தானே தெரியும் எண்டு சொன்னீங்கள் அண்ணை?"

"பெத்த தகப்பன் பின்னை தெரியாதெண்டே சொல்லுறது?"

அன்று தொடங்கியது எனக்குத் தண்டனை. காலையில் ஒரு பக்கம், பின்னேரம் மறுபக்கம். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இந்த இடத்திலை மூச்சு எடுக்கிறான் பாரும். இது எங்கட பரம்பரை மூச்சு" என்பார். பின்னேரம் மறுபக்கத்துக்காரனும் அதே பரம்பரையில் சேர்ந்துவிடுவான். மகனிடமே கேளுங்கள் என்று ஒருநாள் பொறுமையிழந்து சொன்னேன்.

"சின்னப் பெடியனா அனுப்பிவிட்டனான். இப்ப குரலும் தெரியாதெண்டால் அவன் என்னைப் பற்றி என்ன நினைப்பான்?"

அந்த மனிதர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். பிறகு நான் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நடுத் தகரத்தைத் தட்டவில்லை.

ஆறு மாதம் கழித்து மகன் வந்தான். காதில் வளையம், கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். ஊரே கொட்டிலைச் சுற்றி நின்றது. அண்ணை தட்டைப் போட்டார். முனகல் கேட்டதும் பெண்கள் பழக்கதோஷத்தில் முக்காட்டை இழுத்தார்கள்.

"ஐயோ அப்பா, இது பிழையான வேகம்!"

மகன் தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு, விசையைத் தட்டினான். அடுத்த கணம் பெட்டி வெடித்தது. கோழிகள் கூரையில் ஏறின. கோயில் மூப்பர் சிலுவை போட்டுக்கொண்டார். சரியான வேகத்திலாவது பிடிபடாதா என்று அண்ணை காதைக் கிட்டக் கொண்டுபோனார். திருப்பிப் போட்டும் கேட்டார். இரண்டு பக்கமும் ஒரே கத்தல்.

மகன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். "இதிலை நான் எது, அப்பா?"

ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டிவிடுங்கள் அண்ணை, பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கிறது என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"தெரியேல்லை மகன்" என்றார் அவர். "பிழை விட்டிடக் கூடாதெண்டு, ரெண்டும் நீ எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் கேட்டனான்."

மகன் குனிந்து தகப்பனின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான்.

அவன் முதல் பக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுபக்கத்தில் கத்தியவன் ஒரு நோர்வேக்காரப் பெடியன். ஆறு மாதமாகப் பின்னேரங்களில் தன் குரலைக் கண்ணை மூடிக் கேட்ட ஒரு தகப்பன் அரிப்பில் இருந்தது அவனுக்குத் தெரியாது. விலாசம் வாங்கி வைத்திருந்தால் நானே எழுதிச் சொல்லியிருப்பேன்.