வீட்டிலிருந்து துடைக்கப்பட்ட மாமனார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் என்னை என் வீட்டிலிருந்து துடைத்துவிட்டீர்கள். நலம் விசாரித்த பிறகுதான் குறை சொல்ல வேண்டும் என்பது முறை. ஆனால் இந்தக் குற்றம் முறை பார்த்து நடந்ததல்ல. அதனால் முதலில் எழுதிவிட்டேன். இனி முறைப்படி: நானும் உங்கள் அத்தையும் நலம். நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லை என்றாலும் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு மருந்து சாப்பிடுங்கள்.

பாலத்துக்கு ஏறும் சாலை எங்கள் வீட்டின் மேல் வருகிறது, மழை முடிந்ததும் இடிக்கப் போகிறார்கள் என்று முடிவானபோது, "வீடு போனாலும் அளவு போகாது மாமா, லேசர் ஸ்கேனரை வெச்சு அப்படியே எடுத்துடலாம், ஒரு ஆணியைக்கூட விடாது" என்று சொன்னவர் நீங்கள். நானும் அளவுக்காரன், ஒப்புக்கொண்டேன். சாலை வரட்டும். என் உத்தியோக காலத்தில் நானே எத்தனையோ பேர் வாசலில் முளை அடித்திருக்கிறேன். இன்று என் வாசலில் சிவப்புப் பெயிண்ட் விழுந்ததற்கு நான் அழுதால் நன்றாக இருக்காது. ஆனால் இடித்த பிறகு எங்களுக்கு மிஞ்சப்போவது அந்த ஸ்கேன் ஒன்றுதான். அதை ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு டிவியில் குடும்பத்துக்கே போட்டுக் காட்டினீர்கள்.

பொய் சொல்லக் கூடாது, முதலில் நான் நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். கறுப்புத் திரையில் புள்ளி புள்ளியாக வீடு எழுந்து வந்தது. நடுவில் தேய்ந்த வாசற்படி, கொடியில் என் கோடு போட்ட சட்டை, மேஜைக்கு அடியில் வாலோடு சேர்த்து நாய், ஜன்னலோர நாற்காலியில் மடியில் பேப்பர் விரித்து உங்கள் அத்தை. எல்லாம் இருந்தது. கடைசி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, நான் எங்கே?" என்று கேட்டேன்.

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீங்க நாய்ஸ் மாமா, க்ளீன் பண்றப்ப போயிட்டீங்க" என்றீர்கள்.

என் சகலைக்குக் காது மந்தம் என்பது உங்களுக்குத் தெரியும். "என்னங்க இது, மாப்பிள்ளை உங்களைப் போய் நாய்ங்கறார்?" என்று எழுந்துவிட்டார்.

"நாய் இல்ல சித்தப்பா, நாய்ஸ்!" என்று கத்தினாள் என் மகள்.

"ஒரு நாய் பத்தாதுன்னு பன்மையில வேறயா?"

"ஐயோ, நாய்ஸ்னா இரைச்சல் சித்தப்பா. மெஷின் சுத்தறப்ப ஆள் அசைஞ்சுக்கிட்டே இருந்தா ஆளா விழாது, கோடு கோடா இழுத்துக்கும். அந்த வேண்டாத புள்ளிங்களைத்தான் இவர் துடைச்சிருக்கார்."

அதற்கு உங்கள் அத்தை நிதானமாக, "இரைச்சல்னு மெஷினே சொல்லிடுச்சா? நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன்" என்றாள். கூடமே சிரித்தது. சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆள் இல்லாம வீடு எவ்வளவு விசாலமா இருக்கு பாருங்க" என்றார். நீங்களும் சிரித்தீர்கள், மாப்பிள்ளை. நான் பார்த்தேன்.

அத்தோடு விட்டதா? படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுச் சமையலறை இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் கட்டில் இன்னொன்று இடம்வலம் மாறிக் கிடந்தது. கேட்டால், "அது நிஜம் இல்ல மாமா, பீரோ கண்ணாடியில லேசர் பட்டுத் திரும்பினதால வந்த பொய் அறை, துடைக்க மறந்துட்டேன்" என்கிறீர்கள். இல்லாத அறையைத் துடைக்க மறந்தவருக்கு இருக்கிற மாமனாரைத் துடைக்க மட்டும் எப்படி ஞாபகம் வந்தது?

நான் ஏன் அசைந்தேன் என்று யாராவது கேட்டீர்களா? கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். கருவிக்கு முன்னால் நிற்பது என் தொழிலில் அநாகரிகம். பார்வைக் கோட்டை மறைக்காமல் பின்னால் நிற்பதுதான் மரியாதை. உங்கள் மெஷினைக் கூடத்தின் நடுவில் முக்காலி போட்டு நிறுத்தியதும் நான் மரியாதையாக அதன் பின்னால் போய் நின்றேன், அது மெதுவாகத் தலையைத் திருப்பியது, சரி, பார்வை மாறுகிறது என்று நானும் சுவரோரமாக நகர்ந்து மறுபடி பின்னால் போனேன், அது இன்னும் திரும்பியது, நானும் விடவில்லை, நாற்காலியைத் தாண்டி, உங்கள் அத்தையின் காலைத் தாண்டி, நாயின் வாலை மிதித்து அது குரைத்து, அப்படியும் கருவிக்கு முன்னால் வராமல் ஒரு முழுச் சுற்று வந்தேன், கூடத்தில் மட்டுமல்ல, எல்லா அறையிலும், மாடிப்படியில்கூட. நீங்கள் நடுவில், "மாமா, ஒண்ணு உட்காருங்க, இல்லேன்னா வெளியே போங்க" என்றது உண்மைதான். மேற்பார்வை என்ன உட்கார்ந்து பார்க்கிற வேலையா? கடைசியில், வேலை முடிந்து மெஷினைப் பெட்டியில் வைக்கும்போது சொல்கிறீர்கள், அந்தக் கருவிக்கு முதுகே கிடையாது, முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் பார்க்கும் என்று. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மனிதன் எங்கே நிற்பது என்று தெரிந்து நின்றிருப்பான் அல்லவா?

எங்கள் காலத்தில் மேடுபள்ளம் அளக்கும் லெவல் கருவிக்கு முதுகு இருந்தது. ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் உலகம் தலைகீழாகத் தெரியும். மரம், மாடு, அளவுகோல் பிடித்து நிற்கும் ஆள், எல்லாம் வானத்திலிருந்து தொங்கும். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அதிகாரி சாப்பிடப் போன நேரமெல்லாம் எட்டிப் பார்த்தே பழகினேன். பழகிய பிறகு தலைகீழ்தான் எனக்கு நேர்.

ஒருநாள் புதுச் சாலைக்கு உயரம் எடுத்துக்கொண்டிருந்தேன். அளவுகோல் எண்ணைப் படிக்கப்போகும் நேரத்தில் குறுக்கே ஒரு பெண், தலைகீழாக, குடையைத் தரையில் ஊன்றி அதன் மேல் நடப்பதுபோல் வந்து நின்றுவிட்டாள். "ஏம்மா, கொஞ்சம் நகரு, கோடு மறைக்குது" என்று கத்தினேன். "எந்தக் கோடு? எனக்கு ஒரு கோடும் தெரியலையே. ரோடு என்ன உங்க அப்பா வீட்டுதா?" என்றாள். கருவியிலிருந்து கண்ணை எடுத்து நேராகப் பார்த்தேன். தலைகீழாகப் பார்த்ததைவிட நேரில் அவள் முகத்தில் கோபம் அதிகம். அன்றைக்கு அந்த அளவைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாளும் அதே இடத்தில் முக்காலியை ஊன்றினேன். அங்கே எடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்பது அதிகாரிக்குத் தெரியாது. அந்தப் பெண்தான் இப்போது உங்கள் ஸ்கேனில் நாற்காலியில் சிம்மாசனம்போல் உட்கார்ந்திருப்பவள். குறுக்கே வந்தவளை நான் நகரச் சொன்னேன், மாப்பிள்ளை. துடைக்கவில்லை.

அவளுக்காகத்தான் அந்த வீட்டைக் கட்டினேன். நூல் கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, மூலைமட்டம் வைத்து நானே அளவு குறித்தேன். கூடம் ஒரு பக்கம் விரல்கடை குறைகிறது என்று உங்கள் மெஷின் சொல்வதை நான் ஏற்கவில்லை. பூமி நகர்ந்திருக்கும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். வீடு விழுவதற்கு முன்னால் நீங்கள் மெஷினோடு திரும்ப வர வேண்டும். என் மகள் என்னை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டும். நான் சிற்பம்போல் அசையாமல், வாயைத் திறக்காமல், கொட்டாவிகூட விடாமல் இருப்பேன். சகலைக்குச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் எங்கே முக்காலி ஊன்றினாலும் தரை உறுதியாக இருக்கட்டும். உங்கள் கணக்கு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடியட்டும்; எங்கள் தொழிலில் பிழையில்லாத அளவுக்கு அதுதான் அடையாளம். என் மகளுடன் நெடுங்காலம் நன்றாக இருங்கள். கோபம் குறையாத அன்புடன்,

உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மகள் போன் செய்தாள். துடைப்பதற்கு முந்தைய ஃபைல் அப்படியே இருக்கிறதாமே! "அப்பா, இப்பதான் அதைத் திறந்து பார்த்தேன். நீங்க எல்லா ரூம்லயும் இருக்கீங்க. மூஞ்சி தெரியல. தோள் உயரத்துக்கு ஒரு பட்டை மாதிரி, சுவரோரமா முழுசா ஒரு சுத்து. மாடிப்படியில ஏறி இறங்கியிருக்கீங்க. அம்மா நாற்காலிகிட்ட மட்டும் புள்ளி அடர்த்தியா இருக்கு. அங்க நின்னு பேசிட்டிருந்தீங்களா?" என்றாள். இல்லை, திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். இதை உங்கள் அத்தையிடம் சொன்னேன். கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அதுல கை வைக்க வேணாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க" என்றாள். அவள் சொல்வது சரி. அந்த வீட்டில் நான் உட்கார்ந்திருந்தது எப்போது?

ஆகவே மேலே கேட்டது எல்லாம் ரத்து. நீங்கள் மெஷினைக் கொண்டுவர வேண்டாம். துடைக்காத ஃபைலைத் துடைக்காமல் வைத்திருக்க வேண்டும். என் மகள் அதற்கு ஒரு நகல் எடுத்து எங்களுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் அத்தை இனி என்னைப் பார்த்து, "ஒரு இடத்துல உட்காருங்களேன்" என்று சொல்வதை நிறுத்த வேண்டும். நான், சுவர் நிற்கிற வரைக்கும், நடந்துகொண்டே இருக்க வேண்டும்.