சுத்துவழியாரின் நேர்வழி

தெருமுக்கில் இருக்கும் பேக்கரிக்கு டீ குடிக்கப் போவதற்கு, காசி யாத்திரை கிளம்புகிறவர் மாதிரி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பிய ஒரே மனிதர், கோயமுத்தூர் சுற்றுவட்டாரத்திலேயே எங்கள் சுத்துவழியார்தான். போத்தனூரில் எங்கள் தெருக்காரர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. லேத் பட்டறை நடத்திய காலத்தில் அது போர்டில்கூட இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பட்டறையை மூடியதும், இனி மூளைக்கு எண்ணெய் போட வேண்டும் என்று முடிவு செய்தார். போன வழியிலேயே தினமும் போனால் மூளை துருப்பிடித்துவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அந்தப் புண்ணியவானை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அன்றிலிருந்து, நேற்று போன சந்தில் இன்று போகமாட்டார். கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு வழியாக நுழைந்து முன்வாசல் வழியாக வெளியே வருவார். கையில் தாம்பூலப் பை இருக்கும். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டால், பெண் லட்சணமாக இருந்தாள் என்பார்.

பல் துலக்குவது இடது கையால். பேஸ்ட்டில் பாதி மீசைக்குப் போகும். காலையில் வல்லாரைச் சட்னி, மத்தியானம் வல்லாரைத் துவையல், ராத்திரி வல்லாரை தோசை. அரைத்து அரைத்து வெறுத்துப்போன அவர் மனைவி வள்ளியக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "வாய்க்கா மேட்டுல ஆடு பூரா இதத்தானுங்க மேயுது. எந்த ஆடுங்க கலெக்டர் ஆச்சு?"

செல்போன் வைத்துக்கொள்ளமாட்டார். நம்பரெல்லாம் மண்டைக்குள்தான் இருக்க வேண்டும். தெருவில் எல்லார் நம்பரும் அவருக்கு மனப்பாடம். பேக்கரியில் என்னைப் பிடித்து நிறுத்தி, என் மனைவியின் நம்பரை என்னிடமே கேட்பார். செல்லில் இருக்கிறது என்று முழிப்பேன். அவரே கடகடவென்று சொல்லிவிட்டு, இதுகூடத் தெரியாமல் எப்படிக் குடும்பம் நடத்துகிறீர்கள் என்று பேக்கரி முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரிப்பார். எழவு வீட்டில்கூட விடமாட்டார். துக்கம் கேட்க வந்தவர்களிடம், நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று பரீட்சை வைப்பார்.

எரிச்சல் தாங்காமல் ஒருநாள், எதற்கு இந்தக் கூத்தெல்லாம் என்று கேட்டேவிட்டேன். கையிலிருந்த தேங்காய் பன்னைத் தட்டில் வைத்தார்.

"எங்கண்ணன் கடைசி காலத்துல எங்க அண்ணியப் பாத்து, 'நீங்க யாரு ஊட்டு அம்மணிங்க'ன்னு கேட்டுப்போட்டாருங்க. அண்ணி சமையக்கட்டுல போயி உக்காந்து அழுதாங்க. என்ற வள்ளிய நான் அப்பிடிக் கேட்டுரப்படாதுங்க. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அவர் எப்போது கேட்டாலும், முந்தைய நாள் சாப்பாட்டை ஒழுங்காக ஒப்பித்தேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள், காலையில் டீக்குப் போனவர் மத்தியானம் வரை திரும்பவில்லை. யாரும் பதறவில்லை. இன்றைக்குப் பாலக்காடு வழியாக வருகிறார் போலிருக்கிறது என்றார் பேக்கரிக்காரர். எல்லோரும் சிரித்தோம். வள்ளியக்கா மட்டும் வாசலுக்கும் முக்குக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் மதுக்கரையிலிருந்து எனக்கு போன் வந்தது. பேசியவர் ஒரு டீக்கடைக்காரர். பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பெயரைக் கேட்டாலும் யோசிக்கிறார், வீட்டைக் கேட்டாலும் யோசிக்கிறார், இந்த நம்பரை மட்டும் மடமடவென்று சொல்கிறார் என்றார்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். பெஞ்சில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. புது வழி, கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது என்று சிரித்தார். ஆட்டோவில் ஏறியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வள்ளிகிட்ட சொல்லிப்போடாதீங்க."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. வாசலில் நின்ற வள்ளியக்கா அவர் முகத்தைப் பார்த்தார், அதோடு எல்லாம் தெரிந்துவிட்டது.

இந்த மறதி நோயின் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்றாராம் டாக்டர். முதலில் சந்துகள் மறந்தன. அப்புறம் தெருக்காரர்களின் பெயர்கள், நம்பர்கள், என் நம்பர். எனக்கு வயிறெரிந்தது. நேற்று தின்றதை நினைவில் வைக்காத நாங்களெல்லாம் குத்துக்கல்லாட்டம் இருக்கிறோம், அந்த மனுஷனுக்கா இது வர வேண்டும்? சாமிக்குக் கண்ணில்லை என்று கோயில் வாசலில் நின்றே திட்டினேன்.

இப்போது தினமும் சாயங்காலம் அவரை நான்தான் பேக்கரிக்குக் கூட்டிப்போகிறேன். தெருவோடு நேராகப் போய் நேராகத் திரும்புவோம். இது புது வழியா என்று ஒவ்வொரு நாளும் கேட்பார். ஆமாங்க என்பேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

போன வாரம் திரும்பி வரும்போது, வழக்கம்போல வள்ளியக்கா வாசலில் நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் சுத்துவழியார் நடையை நிறுத்தி, என் காதோரம் குனிந்தார்.

"அந்த அம்மணி யாருங்க? பாவம், யாருக்காகவோ ரொம்ப நேரமா நிக்கறாங்க."

வள்ளியக்காவுக்குக் கேட்டுவிட்டது. சமையல்கட்டுக்கு ஓடவில்லை. படியிறங்கி வந்து, அவர் கையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்காகத்தானுங்க நிக்கறேன். வாங்க, தோசை ஆறுது."

அவரும் மறுபேச்சில்லாமல் போனார். நான் வீட்டுக்கு வந்து, முதல் வேலையாக என் மனைவியின் நம்பரை மனப்பாடம் செய்தேன். மறுநாள் பேக்கரியில் அவர் முன்னால் நின்று தப்பில்லாமல் ஒப்பித்தேன். அது என்ன நம்பர் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேங்காய் பன்னில் பெரிய பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.