சிவப்பு ஓடாத போர்வை

காரைக்குடி,
புதன்கிழமை.

ஸ்காட்லாந்து தேசத்தில் குளிரோடு குடித்தனம் நடத்தும் மைத்துனர் உதயகுமாருக்கு, அத்தான் சேவுகப்பெருமாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்கா செந்தாமரையும் நலம். அதாவது, இந்த நிமிடம் வரை நலம். வாட்ஸ்அப்பில் சொன்னால் பல்லைக் காட்டும் மஞ்சள் பொம்மை அனுப்புவீர்கள் என்பதால் பேனாவை எடுத்தேன்.

நீங்கள் வேலை பார்க்கிற துரை வீட்டில் பிடித்துக் கொடுத்த ஆர்டர்தான் விஷயம். இறந்துபோன பெரியவரின் வருடத் திதிக்கு ஆறு பிள்ளைகளும் போர்த்திக்கொள்ள, அவர்கள் குலத்துக்கே உரிய கட்டம் போட்டு ஆறு போர்வை கேட்டார்கள். கண்டாங்கிச் சேலை நெய்த கைக்குக் கட்டம் புதிதா என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்தத் துணியையும் தறியிலிருந்து அறுக்கும் முன் கடைசியாக ஒரு சிவப்பு இழை ஓட்டுவோம். அது விழுந்தால்தான் துணி முடிந்தது என்று தறிக்குத் தெரியுமாம். சிவப்பில்லாமல் அறுப்பது செத்தவர் உடம்பில் போர்த்தும் துணியை மட்டும். துரை வீட்டார் இழை எண்ணிப் பார்க்கிற ஆட்கள், பச்சையும் நீலமும் தவிர வேறு நிறம் பட்டால் உங்கள் வேலையே போய்விடும் என்று நீங்கள் கெஞ்சியதால், மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஆறையும் சிவப்பில்லாமலே அறுத்தேன்.

அறுத்துவிட்டுப் புதுவயல் கல்யாணத்துக்குப் போய் நான்கு நாள் இருந்து சனிக்கிழமை திரும்பினால், வெறுமனே கிடக்க வேண்டிய தறியில் அதே கட்டம் ஒரு முழம் ஓடியிருக்கிறது. செந்தாமரை பயந்துவிடுவாள் என்று அவளிடம் மூச்சு விடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கண் அசந்தால் தறி இருக்கிற பின்னறையில் தடக், தடக். எழுந்து போனால் நின்றுவிடும், துணி மட்டும் வளர்ந்திருக்கும். திங்களன்று அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தேன். சாவி இடுப்பிலேயே இருந்தது, துணி இரண்டு சாண் கூடியிருந்தது. பக்கத்து வீட்டு வீரையாவிடம் சொன்னேன். "தறி மிதிக்கிற கால்வலி உங்களுக்கு மிச்சம்தானண்ணே, ஏன் போயி போயி நெய்யிறவர எழுப்பி விடுறீக?" என்கிறான்.

எனக்குத் தோன்றுவது, இந்த ஏழாவது அந்தப் பெரியவருக்கு. பிள்ளைகளுக்கு நெய்துவிட்டு அப்பனை விட்டுவிட்டோமே. அவர் உயரம் என்ன என்று விசாரித்து எழுதுங்கள். துணி இன்றைக்கு ஐந்தடியைத் தொட்டுவிட்டது. ஆறடிக்குப் போய் நின்றால் அவருடையது. ஐந்தடி நான்கு அங்குலத்தில் நின்றால் அது என் உயரம். பயமாக இருக்கிறது மாப்பிள்ளை.

அரியக்குடிப் பெருமாள் உங்களுக்குக் குளிர் தாங்கும் உடம்பும், அந்த ஊர்ச் சாப்பாட்டைத் தாங்கும் வயிறும் தரட்டும்.

இப்படிக்கு,
அத்தான் சேவுகப்பெருமாள்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். உறையை ஒட்டும் முன் செந்தாமரை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏழாவது என் தம்பிக்குங்க. குளிருல கெடக்கானேன்னு பாவு போடும்போதே ஏழுக்கும் சேத்துத்தான் நூலப் போட்டேன். நீங்க புதுவயல் போயிருந்தீகல்ல, அப்ப நெய்து முடிச்சேன்" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு சொல்கிறாள்: "அத வெள்ளிக்கிழமையே அறுத்து, அந்த ஆறோட பார்சல்ல அனுப்பியாச்சே. சனிக்கிழமையிலருந்து மத்தியானம் நெய்யிறது நீங்கன்னுல்ல நெனச்சேன்?"

உங்கள் போர்வையிலும் சிவப்பு இல்லையாம். வந்ததும் போர்த்திவிடாதீர்கள், ஊசியெடுத்து முதலில் ஒரு சிவப்பு இழை ஓட்டுங்கள்.

பின்னறையில் சத்தம் இப்போதுதான் நின்றது. இருவரும் போய் அளந்தோம். ஐந்தடி நான்கு. உங்கள் அக்கா வீடு முழுக்கச் சிவப்பு நூல் தேடிக்கொண்டிருக்கிறாள்.