‘ரத்தக் கட்டம்’: ஆட்டக்காரர் கருத்தைக் கேட்ட வரலாறு

உலகில் கருத்துச் சுதந்திரம் இன்னும் உயிரோடு இருக்கிறதென்றால், அதற்கு எங்கள் நிறுவனத்தின் ‘ஆட்டக்காரர் கருத்துப் பிரிவு’தான் காரணம். அந்தப் பிரிவின் தலைவர் நான். ஒரே உறுப்பினரும் நானே. ஆகவே பிரிவுக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு எழுந்ததில்லை.

எங்கள் நிறுவனம் ‘ரத்தக் கட்டம்’ என்ற வீடியோ கேமை வெளியிட்டது. சதுரங்கத்தையும் துப்பாக்கிச் சண்டையையும் ஒன்றாக்கிய அரும்படைப்பு. ஆடுகிறவர் காய்களை மேலிருந்து நகர்த்துவதில்லை. அவரே ஒரு காயாகிக் கட்டத்துக்குள் நின்று, அந்தக் காயின் கண்ணால் பார்த்து, எதிரே வருவதைச் சுட வேண்டும். சிப்பாய் நேராக மட்டும் நடப்பார். மந்திரி கோணலாக மட்டும் போவார். மந்திரி விஷயத்தில் எங்கள் கலைஞர்கள் இயற்கையை மீறவில்லை.

முதல் வாரத்திலேயே பதினோராயிரம் கருத்துகள் குவிந்தன. இயக்குநரின் மனம் நோகாதபடி அவற்றை ஒரே பக்கத்தில் அடக்குவது என் பணி.

‘என் முறை வர்ற வரைக்கும் சுடக் கூடாதாம். நாலு நிமிஷம் துப்பாக்கியோட சும்மா நின்னேன். எதிர்ல ஒருத்தியும் சும்மா நின்னா. பேசிப் பழகிட்டோம். அடுத்த மாசம் கல்யாணம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைச் ‘சமூக நல்லிணக்கம்’ என்ற தலைப்பில் சேர்த்தேன். ‘குதிரையா ஓடினா வாந்தி வருது’ என்பதை ‘உடலளவில் உணர வைக்கிறது’ என்று பதிந்தேன். செஸ் ரசிகர்கள் ‘இது செஸ்ஸே இல்ல’ என்றார்கள். சண்டை ரசிகர்கள் ‘இது சண்டையே இல்ல’ என்றார்கள். ‘இல்ல’ என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போனதால், ‘ஒருமித்த கருத்து’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அப்போதுதான் அந்த விபரீதமான கருத்து வந்தது.

‘சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனா ராணியா மாறணும். மாறல. தரை பிளந்து உள்ள விழுந்துடறார். வலது ஓரக் கட்டத்துல மட்டும்தான் இப்படி. இந்தப் பிழையை எப்படி வர வைக்கிறதுன்னு ஆறு படியா கீழ எழுதியிருக்கேன். நன்றி.’

ஒரே நாளில் ஒன்பதாயிரம் பேர் ‘ஆமா, எனக்கும்’ என்றார்கள். இயக்குநர் அவசரக் கூட்டம் கூட்டினார்.

“யார் இந்த ஆளு?” என்றார்.

“தரையில ஓட்டை இருக்கான்னு முதல்ல பாத்துடலாமா சார்?” என்றார் விற்பனை மேலாளர். அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

“ஓட்டை எங்கயும் ஓடிடாது. ஆளு ஓடிடுவான்.”

கண்டுபிடிக்கும் பொறுப்பு என் பிரிவிடம் வந்தது. எனக்குச் சந்தேகம் தட்டியது ‘நன்றி’யில்தான். திட்டாமல் குறை சொல்கிறவர் ஆட்டக்காரராக இருக்க முடியாது. எங்கள் சோதனையாளர் அம்மையார் ஏற்கெனவே மூன்று அறிக்கைகள் அனுப்பியிருந்தது நினைவுக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவற்றை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன். அதே ஆறு படிகள். வரிக்கு வரி அப்படியே.

ஆறு வருடமாக எங்கள் விளையாட்டுகளையெல்லாம் ஆடிப் பார்த்துப் பிழை சொல்கிறவர் அவர். வலது கட்டை விரலில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அலுவலகத்தில் அவரைச் ‘சோதனை’ என்போம். இயக்குநர் அதைப் பெருமூச்சோடு சொல்வார்.

மறுநாள் கூட்டத்துக்கு அவரை அழைத்தோம். அவர் மறைக்கவில்லை.

“நான்தான் சார் எழுதினேன்.”

“ஒரு ஊழியர் எப்படிம்மா பொதுவுல கருத்து சொல்லலாம்?” என்றார் இயக்குநர்.

“ஊழியரா மூணு தடவை சொன்னேன் சார். ஒருத்தரும் திறந்து பாக்கல. ஆட்டக்காரியா ஒரே தடவை சொன்னேன். இதோ, கூட்டமே போட்டுட்டீங்க.”

“விளையாட்டுதானேம்மா, இதுக்குப் போய்...”

“முப்பது தடவை நானே நடந்து பாத்தேன் சார். அந்த வரிசைக்குப் போக நாப்பது நிமிஷம் ஆகுது. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு கட்டமா வர்றாங்க. வந்து சேந்ததும் நாம தரைக்குள்ள தள்ளிடறோம். மனசு கேக்கல.”

நான் தண்ணீர் குடித்தேன்.

அவரது பணி ‘மறுசீரமைப்பு’ செய்யப்பட்டது. அதாவது, மதியத்துக்குள் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் ஹெட்போனைச் சுருட்டி ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தார். விடைகொடுக்க நான் நேரில் போனேன். அவ்வளவு பெருந்தன்மை எனக்கு உண்டு.

“சார், ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க இந்த கேமை ஒரு தடவையாவது ஆடிப் பாத்தீங்களா?”

“இல்லம்மா. ஆடினா எனக்குன்னு ஒரு கருத்து வந்துடும். அப்புறம் நடுநிலை என்ன ஆகறது?”

அவர் சிரித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். லிஃப்ட் வரை நான் கூடப் போயிருக்கலாம். எனக்கு அறிக்கை எழுதும் வேலை இருந்தது.

அடுத்த வாரம் தரை சரிசெய்யப்பட்டது. பொறியாளர் அந்த அம்மையாரின் ஆறு படிகளை அச்செடுத்து எதிரே ஒட்டிவைத்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் வேலையை முடித்தார். சிப்பாய்கள் ராணிகளானார்கள். ‘நாம சொல்றதைக் காது குடுத்துக் கேக்கற ஒரே கம்பெனி இதுதான்’ என்று ஆட்டக்காரர்கள் ஐந்து நட்சத்திரங்களாக வாரி இறைத்தார்கள். இயக்குநர் எனக்குச் சால்வை போர்த்தினார். ஏற்புரையில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். இன்றும் அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்:

“எங்களுக்கு வந்த கருத்தை நாங்கள் கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது, அது யாருடையது என்றுதான் முதலில் கேட்டோம்.”